நோயுற்றோர் வீடு தேடிச் செல்வோருக்கு

கீரமங்கலம் பேரூரிலும், அதைச் சூழ்ந்த கொத்தமங்கலம், குளமங்கலம், சேந்தன்குடி, பனங்குளம், வடகாடு, நெடுவாசல் முதலிய ஊர்களிலும் நோயுற்றோரையும் துக்கத்தில் இருப்போரையும் வீடு தேடிச் சென்று ஜெபிக்கும் அன்பியத்தார், மாதர் ஐக்கியத்தார், வேதியர்கள், சபை மூப்பர்கள் அனைவருக்கும் எழுதும் மடல் இது.

கத்தோலிக்கப் பங்கு, சீர்திருத்தச் சபை, பெந்தெகொஸ்தே கூடுகை என்ற வேறுபாட்டை இம்மடல் பாராட்டவில்லை. இது பேச எடுத்துக்கொண்ட பொருள் எல்லாருக்கும் பொதுவானது. ஒரு கிறிஸ்தவர் தம் உடலிலும் மனத்திலும் படுகிற வேதனைக்கு ஆன்மிகப் பொருள் ஏதேனும் உண்டா, உண்டென்றால் அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே அப்பொருள். முதற்கேள்வியைப் பற்றி இறையியலார், அதாவது கடவுளைப் பற்றிய சிந்தனையை முறைப்படுத்தி எழுதும் அறிஞர், நிறையவே எழுதியிருக்கின்றனர். இரண்டாவது கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே நேரும் தவறுகளில் பல அந்த இரண்டாவது கேள்வியை எண்ணிப் பாராததால் விளைபவை. வேதனைக்குக் காரணம் கற்பிப்பதும் வேதனையினூடே ஒரு பொருள் பிறப்பதும் ஒன்றல்ல. "ஏன் வந்தது?" என்று பின்னோக்கித் தேடுவது காரணம், "இனி இதைக் கொண்டு என்ன?" என்று முன்னோக்கி எழுவது பொருள். காரணம் சொல்லும் அதிகாரத்தை நற்செய்தி எவருக்கும் வழங்கவில்லை. பொருளைக் கண்டடைவதோ, வேதனைப்படுபவர் தாமே, தமக்கான காலத்தை எடுத்துக்கொண்டு செய்ய வேண்டியது; அருகிலிருப்போர் அதற்கு இடம் விட்டு நிற்கலாமேயன்றி, அதை அவர் கையில் திணிக்க இயலாது.

நடைமுறையில் நடப்பது என்ன? புற்றுநோய் என்று தெரிந்து, தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ மருத்துவத்துக்கு அலைந்து களைத்து வீடு திரும்பிய ஒருவரைக் காணச் செல்வோர், நாற்காலியில் அமர்ந்த சில நிமிடங்களுக்குள், "ஆண்டவர் சோதிக்கிறார்", "எல்லாம் நன்மைக்கே", "விசுவாசம் குறைந்தால் இப்படித்தான்", "வீட்டில் ஏதோ சாபக்கட்டு இருக்கிறது, உபவாசம் இருந்து அறுக்க வேண்டும்" என்பன போன்றவற்றுள் ஒன்றைச் சொல்லிவிடுகின்றனர். சொல்வோரிடம் கெட்ட எண்ணம் இல்லை. எதிரே தெரியும் துன்பத்தைத் தாங்க முடியாத நெஞ்சு, தன் பதற்றத்தைத் தணித்துக்கொள்ள ஒரு விடையைத் தேடுகிறது, அவ்வளவே. ஆனால் சொன்னவர் தம் வீட்டுக்குப் போய்ச் சோறுண்டு உறங்குகிறார், அந்தச் சொல் மட்டும் நோயாளியின் அருகில் தங்கி, வலி கூடும் பின்னிரவில், "எந்தப் பாவத்துக்கு?" என்று அவரைக் குடைகிறது. முற்பிறவி வினையைக் கிறிஸ்தவ மறை ஏற்பதில்லை என்று மேடையில் போதிக்கும் சபையே, நோயாளியின் வீட்டில் அதே கணக்கை வேறு சொற்களில் கொண்டுவந்து நிறுத்துவது வருந்தத்தக்க முரண்.

இயேசு இந்தக் கணக்கை இரண்டு இடங்களில் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா இவருடைய பெற்றோரா என்று கேட்கும்போது, இருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்குகிறார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த நிகழ்ச்சியைத் தாமே எடுத்துரைத்து, அவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணலாகாது என்கிறார்.

கீரமங்கலம் வட்டாரத்துக்கு இந்தப் பகுதி மிக நெருக்கமானது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் வீசி, இப்பகுதியின் தென்னந்தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டது. விடியுமுன் முல்லையும் மல்லிகையும் பறித்துக் கமிஷன் கடைத் தராசில் ஏற்றி அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குத் தென்னையே நிலையான வருமானம். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அதை நம்பியே திட்டமிடப்படும். நெட்டை வகைத் தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், அன்று ஓர் இரவில் வீழ்ந்தது ஒரு தலைமுறையின் உழைப்பு. சைவரின் தோப்பும் இசுலாமியரின் தோப்பும் கிறிஸ்தவரின் தோப்பும் ஒன்றாகவே வீழ்ந்தன. அந்தப் புயலுக்கு அறிவியல் தரும் காரணம் வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு. அதற்கு மேல் ஓர் அறக் காரணத்தைச் சேர்த்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதே லூக்கா 13 கூறும் செய்தி. புயலுக்குத் தருகிற இந்த நேர்மையை, ஒரு தனிமனிதரின் சிறுநீரகச் செயலிழப்புக்கோ, பிறந்த மூன்றாம் நாளில் இறந்த குழந்தைக்கோ தர மறுப்பது எந்த வகையில் நியாயம்?

யோபு நூல் இதையே ஒரு முழு வழக்காக விரித்துரைக்கிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவைக் காண எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள் வருகின்றனர். அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் தரையில் அவரோடு அமர்ந்திருந்தார்கள் என்று நூல் குறிப்பிடுகிறது. நோயாளியைச் சந்திக்கும் ஊழியத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் மறைநூலில் இல்லை. அதன்பின் அவர்கள் வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியதும் அந்த நட்பு கெடுகிறது. நூலின் முடிவில் கடவுள் சினம் கொள்வது தம்மை எதிர்த்து வழக்காடிய யோபுவின் மீது அன்று, தமக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்ட அந்த நண்பர்கள் மீதே என்பதை வாசிப்போர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

கீரமங்கலத்தாருக்கு இது அயலான செய்தியாக இருக்க வேண்டியதில்லை. மெய்நின்றநாதர் கோயிலும், அங்கு எழுந்துள்ள உயரமான சிவன் சிலையும், நக்கீரர் சிலையும் இவ்வூரின் அடையாளங்கள். இறைவனிடமே குற்றம் கண்டு உரைத்த புலவரோடு தன்னைத் தொடர்புபடுத்திப் பெருமை கொள்ளும் ஊர் இது. இறைவனை நேருக்கு நேர் வினவுவது பக்திக்கு மாறானதன்று என்ற உணர்வு இம்மண்ணில் முன்பே இருக்கிறது. திருப்பாடல்களில் (சீர்திருத்தச் சபையார் வழக்கில் சங்கீதங்களில்) மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை புலம்பல் பாடல்கள். அதாவது, துன்பத்தைக் கடவுளிடமே முறையிட்டு, ஏன் மறந்தீர், எதுவரைக்கும் என்று கேட்பவை. அவற்றுள் 88ஆம் பாடல் எந்த ஆறுதலும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. 22ஆம் பாடலின் தொடக்கத்தைத்தான் இயேசு சிலுவையில் கதறினார். அப்படியிருக்க, இறப்பு வீட்டில் பெண்கள் கூடிக் கட்டியழுது ஒப்பாரி வைக்கும்போது, "கிறிஸ்தவர்கள் அழக்கூடாது, நமக்கு உயிர்ப்பின் நம்பிக்கை உண்டு" என்று தடுத்து, அழுகுரலை அமுக்கும் அளவுக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது எந்த மறைநூலைப் பின்பற்றியது? தவக்காலம், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய 40 நாள் நோன்புக் காலம், வந்தால் தமிழ்க் கத்தோலிக்கர் வாசித்துவரும் வியாகுலப் பிரசங்கமும் ஆண்டவரின் பாடுகளைப் புலம்பலாகவே சொல்கிறது. லாசரின் கல்லறைக்குச் செல்கையில் இயேசு கண்ணீர் விட்டார். சிறிது நேரத்தில் அவரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்தே அழுதார். நம்பிக்கையும் அழுகையும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடியவை.

இப்பகுதிக் கிறிஸ்தவர்கள் துன்பத்தைப் புரிந்துகொள்ளும் விதத்தை வேறு எதையும்விட ஆழமாக வடிவமைத்தது ஓரியூர். 1647இல் லிஸ்பனில் பிறந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரோடும் துறவிக் கோலத்தோடும் உழைத்த ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் மறவ நாட்டை ஆண்ட சேதுபதியின் ஆட்சிக்குட்பட்ட ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அறந்தாங்கி வழியாக ஓரியூருக்குச் சென்று, அவருடைய இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் மண்ணை மடியில் முடிந்து வந்து, நோயாளியின் நெற்றியில் பூசும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தப் பக்தியில் குறை காண இம்மடல் முற்படவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மறைசாட்சி, அதாவது நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் உயிரைக் கொடுப்பவர், தம் துன்பத்தை முன்கூட்டியே அறிந்து, தப்பும் வழி இருந்தும் தேர்ந்துகொள்கிறார். ஐரோப்பாவிலேயே தங்கிவிடும் வாய்ப்பு இருந்தும் அருளானந்தர் மறவ நாட்டுக்குத் திரும்பி வந்தார். சிறையிலிருந்து அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் மகிழ்ச்சி ததும்புவது அதனால்தான். முதுகுத்தண்டு தேய்ந்து படுத்த படுக்கையான ஒரு பெண் தம் துன்பத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. அது அவரைக் கேட்காமல் வந்தது. மறைசாட்சியின் மகிழ்ச்சியை அளவுகோலாக வைத்து, "அவர் சிரித்துக்கொண்டே உயிர் கொடுத்தாரே, இந்த வலியைப் பொறுக்க முடியாதா?" என்று கேட்பது அந்தப் பெண்ணுக்கும் அநீதி, அருளானந்தருக்கும் அநீதி.

இன்னொரு வகைத் துன்பத்துக்கு ஆன்மிகப் பொருள் தேடுவதே கூடாது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் படும் அடி, சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்திலும் பாடகர் குழுவிலும் தேர்ப்பவனியிலும் காட்டப்படும் விலக்கு, வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் நின்று பேசும் ஏச்சு ஆகியவை மனிதர் மனிதருக்குச் செய்பவை. அவற்றைச் சுமக்க வேண்டிய சிலுவை என்று சொல்லிப் பொறுமை போதிப்போர், சிலுவையில் அறைந்தவர்களின் பக்கம் நிற்கின்றனர். அத்தகைய வீட்டுக்குச் செல்லும் குழுவின் முதற்கடமை அந்தத் துன்பத்தை நிறுத்த முயல்வது. ஜெபம் அதற்குத் துணை நிற்க வேண்டுமேயன்றி அதற்கு மாற்றாகிவிடக் கூடாது.

தேர்ந்துகொள்ளாத, மனிதர் எவரும் இழைக்காத, மருத்துவமும் முற்றிலும் நீக்க முடியாத வேதனைக்குள் ஒரு கிறிஸ்தவர் எவ்வாறு பொருள் கண்டார் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நன்கு பதிவான சான்றுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரைச் சேர்ந்தது. அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல், பணிக்காகப் பார்த்திருந்த ஒரு வீட்டைக் காணக் களக்காட்டுக்குச் சென்று, இருள் கவியும் நேரத்தில், கழிப்பறைக்கென்று வெட்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் பாதிக்கப்பட்டது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் 1951 ஜனவரி 18ஆம் நாள் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே அடைபட்டிருந்தார். அதுவரை மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றவர், பிள்ளைகள் தம் அறைக்கு வந்தால்தான் காணலாம் என்ற நிலைக்கு வந்தார்.

அந்த அறையில் அவர் கண்ட ஓர் உண்மைக்காகவே அவர் இங்கு நினைவுகூரப்படுகிறார். நோயுற்றவருக்கு ஆறுதல் என்று அவருக்கு அனுப்பப்பட்ட நூல்கள் ஏன் தம் நெஞ்சைத் தொடவில்லை என்று எண்ணிப் பார்த்தவர், அவை நலமாக இருப்போர் நோயாளிகளுக்கு எழுதியவை என்பதை உணர்ந்தார். எனவே நோயுற்றிருந்த மற்றவர்களுக்கு, தாமும் ஒரு நோயாளியாக இருந்து, வலியின் நடுவிலிருந்தே சிறு மடல்கள் எழுதத் தொடங்கினார். அவை தொகுக்கப்பட்டு 1933இல் நூலாயின. வலி முழுவதும் விலகிய பிறகு, நினைவிலிருந்து அமைதியாக எழுதப்பட்டவை அல்ல அவை என்பதே அவற்றின் மதிப்பு. வலி நல்லது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் நாடியது ஏற்பு என்ற நிலை. அதை வேறு நான்கிலிருந்து அவர் கவனமாகப் பிரித்துக் காட்டினார். மறந்துவிட முயல்வது ஏற்பு ஆகாது. ஓயாத வேலையில் வலியை மூழ்கடிப்பதும் ஆகாது. எதிலும் ஒட்டாமல் விலகி இருப்பதும் ஆகாது. தோற்றுப்போய்த் தலைகுனிவதும் ஆகாது. விடை தெரியாத ஒன்றைக் கடவுளின் கையிலிருந்து, விடை தெரியாமலேயே பெற்றுக்கொள்வதை அவர் ஏற்பு என்று கொண்டார். இந்தக் கருத்துடன் உடன்படலாம், மாறுபடலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி அவர் கட்டிலிலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது.

அடுத்த சான்று வேலூருக்கு உரியது. கொல்லிமலையில் மறைப்பணியாளரின் மகனாக 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறுகிப் போகின்றன என்று ஆராயத் தொடங்கினார். நோயால் தசை அழுகி விரல் உதிர்கிறது என்பதே அக்காலத்தில் பரவியிருந்த எண்ணம். அவர் கண்டதோ வேறு. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழித்துவிடுவதால், கை சுடுவதையும் வெட்டுப்படுவதையும் நோயாளி அறிவதில்லை. அறியாமல் பட்ட காயங்களே விரலைத் தேய்த்துத் தின்கின்றன. ஒருமுறை, துருப்பிடித்து இறுகிய பூட்டை மருத்துவரால் திறக்க முடியாதபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லாமற்போன மர்மத்தைத் தேடிக் கண்காணித்தபோது, உறங்குவோரின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. இத்தகைய பல்லாண்டு அனுபவத்திலிருந்து, வலி என்பது உடலைக் காக்கக் கடவுள் தந்த கொடை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்த முடிவைப் பிரசங்கிமார் அடிக்கடி கையாளுகின்றனர். ஆனால் அதன் எல்லையைச் சொல்லாமல் கையாளுகின்றனர். பிராண்ட் கொடை என்றது எச்சரிக்கை செய்யும் வலியை; முள் குத்தியதும் காலை இழுக்கச் செய்யும் வலியை. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி எச்சரிக்க வேண்டியதை எச்சரித்து முடித்துவிட்டது. அதற்கு மேலும் அது தொடர்வதால் உடலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அத்தகைய நோயாளியிடம் போய் வலி ஒரு வரம் என்று சொல்வது, தம் வாழ்நாள் முழுவதையும் பிறர் துன்பத்தைக் குறைப்பதற்கே செலவிட்ட அந்த மருத்துவரைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும்.

பிராண்டோடு பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்வு இம்மடலின் கருத்தை இன்னும் துல்லியமாக விளக்குகிறது. கொச்சிக்கு அருகில் உள்ள செராயியில் 1925இல் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்து, பெண்களுக்கான மருத்துவத்தில் சிறக்க விரும்பியிருந்த அவர், 1954இல் நண்பர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார்; முகத்திலும் ஆழமான காயம். மாதக்கணக்கான அறுவைச் சிகிச்சைகளும், தாம் இனி மருத்துவராகப் பணியாற்ற முடியாது என்ற முடிவும், ஏன் தமக்கு இப்படி என்ற கேள்வியும் அவரை வாட்டின. அந்நாட்களில் பால் பிராண்ட் அவருக்குச் சொன்னது ஓர் இறையியல் விளக்கம் அன்று. தொழுநோயாளிகளின் கைகளில் செய்யும் அறுவை நெடுநேரம் அமர்ந்தபடியே செய்வது, சக்கர நாற்காலியில் இருந்தும் அதைச் செய்யலாம் என்ற ஒரு வேலைக் குறிப்பு. மடங்கிப் போன விரல்களை நிமிர்த்த, நலமாக உள்ள தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அந்த நுண்ணிய அறுவையை மேரி கற்றுக்கொண்டார். கால் இழந்த ஒருவர் கை இழந்தோருக்குக் கையைத் திருப்பித் தந்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். நோயோ விபத்தோ உடலை முடக்கிய பின் ஒருவர் மீண்டும் தம் அன்றாட வாழ்வை நடத்தப் பயிற்றுவிப்பதே மறுவாழ்வு மருத்துவம். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்து, இனி வாழ்வில்லை என்று கிடந்தோர், தம்மைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்டனர். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார்.

விபத்து நிகழ்ந்ததே இதற்காகத்தான் என்று இந்த வாழ்வைச் சுருக்குவது எளிது. அதுதான் கவனமாகத் தவிர்க்க வேண்டியது. அப்படிச் சொன்னால், ஒரு மருத்துவமனை கட்டுவதற்காகக் கடவுள் ஒரு பெண்ணின் முதுகை முறித்தார் என்றாகிவிடும். கிறிஸ்தவர் வணங்கும் கடவுள் அத்தகையவர் அல்லர். முறிந்தது விபத்தால், முறிந்ததற்குப் பின் என்ன செய்வது என்ற இடத்தில் கடவுள் அவரோடு இருந்தார் என்பதே நம்பிக்கையோடு சொல்லத்தக்கது. தூய பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் குறிப்பிடுகிறார்; முள் நீங்கவில்லை, அருள் மட்டும் போதிய அளவு தரப்பட்டது. விசுவாசம் இருந்தால் நோய் நீங்கியே தீரும் என்று போதிப்போர், பவுலின் விசுவாசத்தில் எவ்வளவு குறைவு இருந்தது என்று சொல்லத் துணிவரா? அதே மடலின் தொடக்கத்தில், தாம் துன்பத்தில் பெற்ற ஆறுதலைக் கொண்டே துன்புறும் பிறருக்கு ஆறுதல் அளிக்க முடிகிறது என்று அவர் சொல்வது, டோனாவூரிலும் வேலூரிலும் அப்படியே நிகழ்ந்தது. வேதனையின் பொருள் பெரும்பாலும் ஒரு கருத்தாக வருவதில்லை. இன்னொரு மனிதரை நோக்கித் திரும்பும் ஒரு செயலாக வருகிறது. 1981இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி 1984 பிப்ரவரி 11ஆம் நாள் வெளியிட்ட திருத்தூது மடலை நல்ல சமாரியரின் உவமையை நோக்கி நடத்திச் சென்றதும் இந்தத் தொடர்பை உணர்ந்தே.

எல்லாருக்கும் இது கிட்டும் என்று இம்மடல் வாக்களிக்கவில்லை. எந்தப் பொருளும் பிடிபடாமலே, கசப்போடும் கேள்வியோடும் இறப்போர் உண்டு; 88ஆம் திருப்பாடலோடு அவர்கள் போய்ச் சேர்கின்றனர். பொருள் காண்பது நோயாளியின் கடமை அன்று. காணாமல் இறந்தவர் விசுவாசத்தில் தோற்றவர் அல்லர். அவருக்காக இயேசு அந்த இருளுக்குள் சென்றார், தோட்டத்தில் இரத்த வியர்வை சிந்தி, பாத்திரம் நீங்கட்டும் என்று மன்றாடினார் என்பதே அவருடைய நம்பிக்கை, அவர் அதை உணராதபோதும்.

இனி நடைமுறை. லண்டனில் 1967இல் இறப்பை நெருங்குவோருக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவரும் ஆழ்ந்த கிறிஸ்தவருமான சிசிலி சாண்டர்ஸ், முழு வேதனை என்ற கருத்தை மருத்துவ உலகுக்குத் தந்தார்: இறப்பை நெருங்கும் நோயாளியின் வேதனை உடல், மனம், சமூகம், ஆன்மா ஆகிய நான்கிலும் பின்னிக் கிடக்கிறது, ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது. உடல் வலியால் துடிப்பவரிடம் ஆன்மாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கடன்காரனை நினைத்து உறங்காதவருக்கு ஜெபமாலை மட்டும் போதாது. எனவே நோயாளியைக் காணச் செல்லும் குழு முதலில் கேட்க வேண்டியது, "வலிக்கு மருந்து தந்திருக்கிறார்களா, அது கேட்கிறதா?" என்பது. கடும் வலிக்கு மார்பின் போன்ற மருந்தை மருத்துவர் எழுதித் தரும்போது, அது சிலுவையை மறுப்பதாகும் என்றோ, போதைக்கு அடிமையாக்கும் என்றோ அஞ்சி மறுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நோயாளியின் வலியைப் போக்க மருந்து கொடுப்பது, அதனால் உயிர்க்காலம் சற்றுக் குறைய நேர்ந்தாலும்கூட, அறத்துக்கு மாறானதன்று என்று 1957இல் மருத்துவர்களிடம் தெளிவுபடுத்தியவர், ஓரியூர் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் அளித்த அதே பன்னிரண்டாம் பயஸ். இந்தியாவிலும் 2014ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இம்மருந்தை மருத்துவப் பயன்பாட்டுக்குப் பெறுவதை எளிதாக்கியது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீட்டுக்கே வந்து தரப்படும் வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்து கொடுப்பது ஒரு ஜெபக்குழு அரைமணி நேரத்தில் செய்யக்கூடிய ஊழியம்.

ஜெபிப்பதற்கு முன் நோயாளியின் ஒப்புதலைக் கேட்பதும், அவர் களைத்திருந்தால் தலையில் கை வைத்து உரத்த குரலில் நெடுநேரம் மன்றாடாமல் திரும்பிவிடுவதும், முதல் வாரத்தில் கூட்டமாகச் சென்றுவிட்டு ஆறாம் மாதத்தில் மறந்துவிடாமல் இருப்பதும் குழுவினர் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியவை. நோயாளியைக் கவனித்துக்கொள்பவர், பெரும்பாலும் மனைவியோ மருமகளோ மூத்த மகளோ, இரவு முழுவதும் விழித்திருப்பதை எவரும் கேட்பதில்லை. அவர் ஒரு பகல் பொழுது உறங்கும்படி இருவர் கட்டிலருகே அமர்வது, எந்தப் பிரசங்கத்தையும்விட அந்த வீட்டுக்குப் பயன்படும். பூப்பறிக்கும் நாட்களில் அப்படி அமர்வதற்கு ஏற்ற நேரம் எது என்பதை வீட்டாரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

குழுவின் அமைப்பிலேயே ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. இப்போது செல்வோர் பெரும்பாலும் நலமானவர்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர், பிள்ளையை இழந்து சில ஆண்டுகள் கடந்தவர், வாரம் இருமுறை டயாலிசிஸுக்குச் செல்பவர் ஆகியோர் இதே ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுள் விரும்புவோரைக் கேட்டு, குழுவில் முதல் இடத்தில் அமர்த்தலாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நடைபெறும் சிலுவைப்பாதையில், அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் வழிபாட்டில், ஓரிரு நிலைகளுக்கான மன்றாட்டை அவர்களே எழுதி அவர்களே வாசிக்கலாம். அதில் நன்றி மட்டும் இருக்க வேண்டும் என்று திருத்தாமல், கேள்வி இருந்தால் கேள்வியோடும், கோபம் இருந்தால் கோபத்தோடும் வாசிக்க விட வேண்டும். அவர்கள் குணமானதைச் சாட்சியாகச் சொல்லும்படி மேடைக்கு இழுப்பதும், குணமாகாதவர் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது அதைக் கொண்டாடுவதும் நிறுத்தப்பட வேண்டும். அடுத்த தவக்காலத்துக்கான வீடு சந்திப்புப் பட்டியலைத் தயாரிக்கும்போது, சாபம் என்றும் பாவம் என்றும் பேசப்பட்டதால் வழிபாட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்ட குடும்பங்களின் பெயர்களையும், வேறு சமயத்தாராயினும் அதே தெருவில் படுக்கையில் கிடப்போரின் பெயர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளும்படி குழுவினர் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.